ஆகாய விமானமும் புகையிலையும்

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நம் அன்பர்கள் பலர், பொங்கலுக்கும் திருமணங்களுக்கும் ஆகாய விமானம் ஏறித் தாயகம் செல்கின்றனர். அப்போது அவர்கள் ஒரு சிறு பொருளைக் கண்டிருக்கக்கூடும். விமானத்தின் கழிவறைக் கதவிலோ அதன் அருகிலோ, சிகரெட்டை அணைப்பதற்குரிய சாம்பற்கிண்ணம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதற்குச் சற்று மேலேயே, புகை பிடிக்கக் கூடாது என்னும் அறிவிப்பும் காணப்படும். புகை பிடிப்பதே குற்றமாயிருக்கும் இடத்தில் சாம்பற்கிண்ணம் எதற்கு? வினா எளியது. விடையோ முப்பது ஆண்டுப் போராட்டம் ஒன்றின் வரலாற்றுக்கு நம்மை அழைத்துச் செல்கின்றது. பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெற்ற அந்த வரலாற்றையே இங்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஒரு காலத்தில் விமானப் பயணமும் சிகரெட்டும் இணைபிரியாத் தோழர்களாக விளங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், அமெரிக்க விமானங்களில் உணவுத் தட்டோடு நான்கு சிகரெட்டுகள் அடங்கிய சிறு பெட்டியையும் இலவசமாக வைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. விமானம் மேலெழுந்து, எச்சரிக்கை விளக்கு அணைந்ததும், பயணிகள் தீக்குச்சியைக் கிழிப்பர். புகையை விரும்பாதவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். வேறு வழி இல்லை. பேருந்தாயின் சன்னலைத் திறக்கலாம். புகைவண்டியாயின் அடுத்த நிலையத்தில் இறங்கலாம். முப்பதாயிரம் அடி உயரத்தில் இவ்விரண்டும் இயலாதவை.

1969-ஆம் ஆண்டின் இறுதியில் இந்நிலையை எதிர்த்து முதற்குரல் எழுந்தது. நுகர்வோர் நலனுக்காக வாதாடிப் புகழ்பெற்ற ரால்ஃப் நேடர், விமானங்களில் புகை பிடித்தலைத் தடை செய்யுமாறு அரசுக்கு விண்ணப்பித்தார். சட்டப் பேராசிரியர் ஜான் பான்ஸாஃப் என்பாரும் அவ்வாறே முறையிட்டார். 1971-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம், புகை பிடிக்காதவர்களுக்கெனத் தனிப் பகுதியை முதன்முதலாக ஒதுக்கியது. 1973-இல் அமெரிக்க சிவில் விமானப் போக்குவரத்து வாரியம், எல்லா நிறுவனங்களும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது.

அதே ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், பிரேசில் நாட்டின் வாரிக் நிறுவனத்தைச் சேர்ந்த போயிங் 707 விமானம் ஒன்று, பாரிஸ் நகரின் ஓர்லி விமான நிலையத்தை நெருங்கும்போது பின்புறக் கழிவறையில் தீப்பற்றியது. விமானிகள் அதனை ஒரு வயல்வெளியில் இறக்கினர். ஆயினும் விமானத்தில் இருந்த 134 பேரில் 123 பேர் மாண்டனர். காகிதக் குப்பைத் தொட்டியில் எறியப்பட்ட சிகரெட்டுத் துண்டு ஒன்றே தீக்குக் காரணமாயிருக்கலாம் என்னும் ஐயம் எழுந்தது. அதன்பின், கழிவறைக்குள் புகை பிடிக்கக் கூடாது என்றும், கதவருகே சாம்பற்கிண்ணம் இருக்கவேண்டும் என்றும் விதிகள் எழுந்தன. சட்டத்தை மீறுபவன் ஒருவன் வந்தாலும், அவன் கையிலுள்ள நெருப்பு காகிதத்தில் விழாமல் உலோகத்தில் விழட்டும் என்பதே அதன் கருத்து. சாம்பற்கிண்ணத்தின் இரகசியம் இதுவே.

தீயை உலோகக் கிண்ணத்தில் அடக்கிவிடலாம். புகையை அடக்குவது எங்ஙனம்? பகுதி பிரித்தல் என்னும் ஏற்பாட்டின் குறை இங்குதான் வெளிப்படுகின்றது. ஒரு கிணற்றின் ஒரு பக்கத்து நீரை மட்டும் உப்பாக்க இயலுமா? விமானத்தின் உட்புறம் நீண்ட குழாய் போன்றது. பதினைந்தாம் வரிசையில் எழும் புகை, பதினான்காம் வரிசையில் அமர்ந்திருப்பவர் புகை பிடிக்காதவர் என்பதை அறியாது. பின்னாளில் வந்த புதிய விமானங்களோ, எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு, உள்ளிருக்கும் காற்றில் ஒரு பங்கை மீண்டும் சுழற்சிக்கு விட்டன. பயணிக்கேனும் ஒரு நாள் துன்பம். பணிப்பெண்களும் பணியாளர்களும் இரு பகுதிகளிலும் நாள்தோறும் நடந்தாக வேண்டியவர்கள். புகை பிடிக்காத பகுதி என ஒன்று அவர்களுக்கு இருந்ததே இல்லை.

இக்குறைபாடு சிகரெட்டுக் கம்பெனிகளுக்குத் தெரியாததன்று. 1958-இல் அக்கம்பெனிகள் ஒன்றுகூடி டொபாக்கோ இன்ஸ்டிடியூட் என்னும் புகையிலைக் கழகத்தைத் தோற்றுவித்திருந்தன. சட்டமன்றத்தாரிடத்தும் செய்தித்தாள்களிடத்தும் தொழிலின் சார்பாகப் பேசுவதே அதன் பணி. 1978-இல் ரோப்பர் என்னும் கருத்தாய்வு நிறுவனம் இக்கழகத்திற்கு அறிக்கை ஒன்றை அளித்தது. புகை பிடிப்பவன் தன்னைக் கெடுத்துக்கொள்கிறான் என்னும் எண்ணத்தைவிட, அவன் பிறரையும் கெடுக்கின்றான் என்னும் எண்ணமே இத்தொழிலுக்குப் பேராபத்து என்பது அவ்வறிக்கையின் சாரம். ஆகவே விமானத்தில் நிகழ்ந்த வழக்கு சில மணி நேரத்துச் சிகரெட்டு விற்பனையைப் பற்றியது அன்று. விமானத்தில் தடை வந்தால், அலுவலகத்திலும் உணவு விடுதியிலும் அது தொடரும் என்பதைக் கம்பெனிகள் உணர்ந்திருந்தன.

எனவே அவை எல்லா விதிகளையும் ஒரே விதமாக எதிர்க்கவில்லை. தமக்குத் தீங்கு குறைந்த விதியைத் தாங்கிப் பிடித்தன. தடை வேண்டா, இருக்கைகளைப் பிரித்தால் போதும் என்றன. குற்றம் புகையினுடையது அன்று, காற்றோட்டத்தினுடையது என்றன. தடை செய்தால் மக்கள் கழிவறையில் ஒளிந்து புகைப்பர், அதனால் தீ விபத்து நேரும் என்றும் அஞ்சுவித்தன. இவ்வாதங்களில் சிறிது உண்மை கலந்திருந்தமையால்தான் அவை நெடுநாள் வாழ்ந்தன. காற்றோட்டம் நன்றாக இருத்தல் வேண்டும் என்பதை யார் மறுப்பர்? ஆயின் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசிய நிபுணர் சிலருக்குப் பணம் அளித்தது அதே புகையிலைக் கழகம் என்பது, கேட்போருக்கு அக்காலத்தில் விளங்கவில்லை.

விதி செய்யும் இடத்திலும் தயக்கம் இருந்தது. 1984-இல் சிவில் விமானப் போக்குவரத்து வாரியம், இரண்டு மணி நேரத்திற்கு உட்பட்ட பயணங்களில் புகை பிடித்தலைத் தடை செய்ய வாக்களித்தது. அன்றைய தினமே அம்முடிவை மாற்றிக்கொண்டது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்னும் நம் பழமொழி இத்தகைய காவலரைக் கண்டு பிறந்ததே போலும்! அவ்வாண்டின் இறுதியோடு அந்த வாரியமும் கலைக்கப்பட்டது.

அதன்பின் அறிவியலாரின் குரல் எழுந்தது. காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டுப் பாராளுமன்றம் பணித்தவாறு, தேசிய அறிவியல் கழகத்தைச் சார்ந்த குழு ஒன்று விமானக் காற்றை ஆராய்ந்து 1986-இல் அறிக்கை வெளியிட்டது. உள்நாட்டுப் பயணங்கள் அனைத்திலும் தடை வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பயணிகளின் எரிச்சலைக் குறைத்தல், பணியாளர்களின் உடல்நலத்தைக் காத்தல், தீ விபத்தைத் தவிர்த்தல், பிற மூடிய இடங்களுக்குரிய காற்றின் தரத்தை விமானத்திற்கும் தருதல் என நான்கு காரணங்களையும் காட்டியது. அவ்வாண்டிலேயே நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி சி. எவரெட் கூப், பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதால் புகை பிடிக்காதவருக்கும் நுரையீரற் புற்றுநோய் வரும் என்று அறிவித்தார். ஆயினும் போக்குவரத்துத் துறை, 1987-இன் தொடக்கத்தில், இன்னும் ஆராய வேண்டும் என்று கூறி ஒதுங்கிக்கொண்டது.

துறை ஒதுங்கியதும் மக்கட் பிரதிநிதிகள் முன்வந்தனர். இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்டு டர்பின் பதினான்காம் வயதில் தந்தையை நுரையீரற் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இரண்டு மணி நேரத்திற்கு உட்பட்ட பயணங்களில் தடை விதிக்க அவர் கொணர்ந்த திருத்தம், 1987 ஜூலையில் கீழ்ச்சபையில் 198-க்கு 193 என்னும் வாக்குக் கணக்கில் நிறைவேறியது. ஐந்தே வாக்குகள்! மேற்சபையில் நியூ ஜெர்ஸி மாநிலத்து ஃபிராங்க் லாட்டன்பர்க் அதற்குத் துணை நின்றார். பணிப்பெண்களின் சங்கத்தார் நேரில் வந்து தம் துன்பத்தை எடுத்துரைத்தனர். 1988 ஏப்ரல் 23 முதல், இரண்டு ஆண்டுச் சோதனையாக அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அதே மாதத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி, பணத்தின் வலிமையை நன்கு காட்டும். நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் சட்டத்தையும் கடந்து, வட அமெரிக்காவில் தன் பயணங்கள் அனைத்திலும் புகையை நீக்குவதாக அறிவித்தது. அதற்கான தொலைக்காட்சி விளம்பரத்தில் பயணிகள் கைதட்டி மகிழ்வதாகக் காட்டப்பட்டது. விளம்பரத்தைத் தயாரித்தது சாச்சி அண்டு சாச்சி குழுமத்தின் நிறுவனம். சிகரெட்டோடு பிஸ்கோத்து முதலிய உணவுப் பண்டங்களையும் விற்றுவந்த ஆர். ஜே. ஆர். நபிஸ்கோ கம்பெனி, அந்நிறுவனத்திடம் கொடுத்திருந்த சுமார் 8 கோடி டாலர் மதிப்புள்ள விளம்பர வேலையை உடனே திரும்பப் பெற்றுக்கொண்டது. அவ்வேலையோ உணவுப் பண்டங்களைப் பற்றியதே. சிகரெட்டைப் பற்றியது அன்று. கைதட்டலுக்குக் கொடுத்த விலை அது.

ஆயினும் காற்று மாறிவிட்டது. 1989-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, ஒன்பது பேரை நான்கு விமானப் பயணங்களில் சோதித்தது. புகை பிடிக்காத பகுதியில் அமர்ந்த சிலர், புகைப் பகுதியில் இருந்தவர்க்கு ஒப்பான அளவில் நிக்கோட்டினுக்கு உட்பட்டிருந்தனர். உடல் நிக்கோட்டினை மாற்றி உண்டாக்கும் கோட்டினின் என்னும் பொருள், அவர்கள் சிறுநீரில் மூன்று நாட்களுக்குப் பின்னும் காணப்பட்டது. இருக்கைகளைப் பிரித்தால் காற்று பிரியாது என்பதற்கு உடலே சான்று பகர்ந்தது. 1990 பிப்ரவரி 25 முதல், ஆறு மணி நேரத்திற்கு உட்பட்ட உள்நாட்டுப் பயணங்களிலெல்லாம் தடை நிலைபெற்றது. 1992-இல் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 1996 ஜூலைக்குள் பன்னாட்டுப் பயணங்களையும் புகையற்றவை ஆக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற்கு வந்து செல்லும் விமானங்கள் அனைத்திலும் தடை சட்டமாயிற்று.

அதுவரை புகையைச் சுவாசித்த பணியாளர்களின் கதை என்னாயிற்று? ஒருநாளும் சிகரெட்டைத் தொடாத பணிப்பெண் ஒருவருக்கு நுரையீரற் புற்றுநோய் கண்டது. அவரும் தோழியர் சிலரும், புகை பிடிக்காத விமானப் பணியாளர் சுமார் 60,000 பேரின் சார்பில், 1991-இல் மயாமி நகர நீதிமன்றத்தில் சிகரெட்டுக் கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தனர். ஆறாண்டுகள் கழித்து, 1997 அக்டோபரில், கம்பெனிகள் 30 கோடி டாலர் அளிக்க உடன்பட்டன. அத்தொகை பணியாளர்களின் கைக்குச் செல்லவில்லை. புகையால் வரும் நோய்களை ஆராயும் மருத்துவ நிறுவனம் ஒன்றைத் தோற்றுவிக்கவே பயன்பட்டது. நோயுற்றவர் தனித்தனியே வழக்காடும் உரிமையைப் பெற்றனர். நீதி வந்தது, ஆயினும் நோயை முந்திக்கொண்டு வரவில்லை.

1998 நவம்பரில் அமெரிக்க மாநிலங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி புகையிலைக் கழகம் கலைக்கப்பட்டது. கம்பெனிகளின் அந்தரங்கக் கடிதங்களும் அறிக்கைகளும் இலட்சக்கணக்கில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. யார் பேசினார், யார் பேசச் சொன்னார் என்பது அவற்றால் விளங்கியது. இவ்வனுபவம் வீண்போகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் 2003-இல் உருவான புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம், பொதுச் சுகாதாரக் கொள்கைகளைப் புகையிலைத் தொழிலின் நலன்களினின்றும் காத்தல் வேண்டும் என்று தனி விதியாகவே வகுத்தது. 2004-இல் இந்தியா அதனை ஏற்று உறுதி செய்தது. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொது இடங்களில் புகை பிடித்தலைத் தடுக்கின்றன. எனினும், விமான நிலையங்களில் புகை பிடிப்போர்க்குத் தனி அறை அமைக்க அவ்விதிகளே இடமளித்தன. பிரித்து வைத்தால் போதும் என்னும் பழைய எண்ணம் விமானத்தை விட்டு இறங்கியதே அன்றி, மறைந்து போகவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் பறக்கும்போது அச்சாம்பற்கிண்ணத்தைச் சற்று நோக்குங்கள். ஓர்லியின் வயல்வெளியில் மாண்டவர்களை அது நினைவூட்டும். அருகில் தேநீர் ஏந்தி நிற்கும் பணிப்பெண்ணையும் நோக்குங்கள். இன்று அவர் தூய காற்றைச் சுவாசித்துக்கொண்டு பணி செய்வது, அவருக்கு முன்னே அதே நடைபாதையில் இருமிக்கொண்டு நடந்த மகளிர் வாய் திறந்து பேசியதன் பயனாகும். ஒரு விதியைப் படிக்கும்போது, அது எதைத் தடுக்கின்றது என்பதோடு, அதை எழுதியபோது அருகில் அமர்ந்திருந்தவர் யார் என்பதையும் கேட்டறிதல் குடிமக்களின் கடமையன்றோ?