புசா ரோடும் வாக்காளர் பட்டியலும்

தில்லியில் தமிழ்ப் பேச்சு தாராளமாகக் காதில் விழும் இடங்களுள் கரோல்பாக்கை ஒட்டிய புசா ரோடு ஒன்று. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் அங்கே உண்டு. அந்தச் சாலையின் பெயரே வெளியூரிலிருந்து வந்த பெயர் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். புசா என்பது பீஹாரில் உள்ள ஓர் ஊர். அங்கிருந்த விவசாய ஆராய்ச்சி நிலையம் 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைந்தது. 1936-இல் தில்லிக்கு மாறிய அந்நிலையம் தன் ஊர்ப் பெயரையும் உடன் கொண்டு வந்தது. தில்லியின் தேர்தல் சரித்திரமும் இத்தகையதே. அது பெரும்பாலும் வந்து குடியேறியவர்களின் சரித்திரம்.

1941-இல் 9 லட்சமாக இருந்த தில்லியின் ஜனத்தொகை, 1951-இல் 17 லட்சத்தைத் தாண்டியது. தேசப் பிரிவினையால் வீடிழந்து வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர். முதல் பொதுத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கும் பணி 1948-இல் தொடங்கியபோது, ஓரிடத்தில் 180 நாட்களாவது வசித்திருக்க வேண்டும் என்பது விதி. நேற்று ரயிலிலிருந்து இறங்கிய அகதி அதற்கு எங்கே போவான்? ஆகவே, இங்கேயே நிலையாக வாழ எண்ணியிருப்பதாக அவன் உறுதி கூறினால் போதும் என்று வழி செய்யப்பட்டது. இந்த ஒரு முடிவு இந்நகரின் அரசியலையே உருவாக்கிற்று எனலாம்.

1952 தேர்தலில் தில்லிச் சட்டசபையின் 48 இடங்களில் 39-ஐக் காங்கிரஸ் பெற்றது. எனினும் அதே தேர்தலில் புது தில்லித் தொகுதி, காங்கிரஸை எதிர்த்து நின்ற கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சியின் சுசேதா கிருபளானியைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. 1956-இல் அந்தச் சட்டசபை ரத்தாயிற்று. பின்னர் 1967-இல் பார்லிமெண்டின் 7 தொகுதிகளில் 6-ஐ ஜன சங்கம் கைப்பற்றியது. பஞ்சாபிலிருந்து வந்து குடியேறியோரிடம் அக்கட்சிக்கு இருந்த செல்வாக்கு இவ்வெற்றிக்கு ஒரு முக்கிய காரணம். அதே ஆண்டில்தான் சென்னை ராஜ்யத்தில் தி.மு.கழகம் ஆட்சிக்கு வந்தது. பிறந்த ஊரிலும் பிழைக்க வந்த ஊரிலும் காங்கிரஸ் தோற்றதைத் தில்லித் தமிழர் ஒரே சமயத்தில் கண்டனர். ஆனால் இரண்டிடத்திலும் வென்ற கட்சிகள் வெவ்வேறு, காரணங்களும் வெவ்வேறு.

ஒரு கட்சிக்கே கட்டுப்பட்டு நிற்பது தில்லியின் இயல்பன்று. 1971-இல் ஏழு தொகுதிகளையும் காங்கிரஸுக்கு அளித்தது. 1977-இல் அந்த ஏழையும் ஜனதா கட்சிக்கு மாற்றியது. மீண்டும் சட்டசபை கிடைத்த 1993-இல் 70 இடங்களில் 49-ஐப் பாரதீய ஜனதா கட்சிக்கு வழங்கியது. வெங்காய விலை கண்ணீர் வரவழைத்த 1998-இல் 52-ஐக் காங்கிரஸிடம் ஒப்படைத்தது. 2014-இலும் 2019-இலும் பார்லிமெண்டுத் தொகுதிகள் ஏழும் பாரதீய ஜனதாவுக்கே சென்றன. ஆயினும் சட்டசபையில் 2015-இல் 67 இடங்களும், 2020-இல் 62 இடங்களும் ஆம் ஆத்மி கட்சிக்குக் கிடைத்தன. 2025-இல் சட்டசபையும் 48 இடங்களுடன் பாரதீய ஜனதாவிடம் வந்தது. தேசத்துக்கு ஒரு தராசு, தெருவுக்கு ஒரு தராசு என்று நிறுத்துப் பார்க்கும் வாக்காளர் இங்கே உண்டு.

வாக்களிப்போர் விகிதமும் இவ்வாறே ஏறி இறங்கியிருக்கிறது. 1993-இல் நூற்றுக்கு ஏறக்குறைய 62 பேர் வாக்களித்தனர். 1998-இல் 49 பேர். 2015-இல் 67 பேர். இக்கணக்கை வாசிக்கையில் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். நூறு பேர் என்பது ஊரில் வாழும் நூறு பேரைக் குறிப்பதன்று. பட்டியலில் பெயருள்ள நூறு பேரையே குறிக்கும். பெயர் இருந்தும் போகாதவன் சோம்பேறியென்று கணக்கில் விழுகிறான். இங்கேயே இருபது ஆண்டு வாழ்ந்தும் பெயரைச் சேர்க்காதவன் எந்தக் கணக்கிலும் விழுவதில்லை. வாக்களித்தவர்களிலும் அவன் இல்லை. வாக்களிக்காதவர்களிலும் அவன் இல்லை.

"ஊரில் என் பெயர் இருக்கிறதே" என்பார் நம்மவர். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதற்குத் தெளிவாக விடை கூறுகிறது. சாதாரணமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் பெயர் பதிய வேண்டும். ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவராகிவிட மாட்டார். இரண்டு தொகுதிகளில் பெயர் இருப்பதும் கூடாது. கும்பகோணத்துப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு கரோல்பாக்கில் குடியிருப்பவருக்கு, தேர்தல் நாளன்று அங்கே போகவும் முடிவதில்லை. இங்கே வாக்களிக்க உரிமையும் இல்லை.

பிறந்த ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது மனத்துக்குச் சற்று வருத்தமான காரியந்தான். வேரைப் பிடுங்குவது போலத் தோன்றும். ஆனால் நாம் குடிக்கும் குடிநீரும், நம் தெரு விளக்கும், நம் குழந்தைகளின் பள்ளியும் நாம் வாழும் ஊரைச் சேர்ந்தவை. அன்று கையில் ஒரு மூட்டையுடன் வந்து இறங்கிய அகதிக்கு இந்நகரம் வாக்குரிமையை மறுக்கவில்லை. அவனும் கேட்டுப் பெறத் தயங்கவில்லை. பீஹாரிலிருந்து வந்த ஒரு பெயர் புசா ரோட்டில் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பெயர்களும் அந்தச் சாலையின் வாக்காளர் பட்டியலில் இடம் பெறட்டும்.