கோழிக்குப்பை யாருடையது?

தமிழில் 'குப்பை' என்ற சொல் இரண்டு வேலை செய்யுது. வீதியோரம் கிடந்தால் அது கழிவு. வயலிலோ தோட்டத்திலோ போட்டால் அது எரு. சாமான் ஒன்றுதான். அது எங்கே கிடக்குது, யாருடைய கையில் இருக்குது என்பதைப் பொறுத்துப் பெறுமதி மாறுது. கோழிக்குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிற நிலையங்களின் வரலாற்றை வாசிக்கிறபோது இந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப எங்களுக்கு ஞாபகம் வந்தது. ஏனென்றால் அந்த நிலையங்களை எதிர்த்த ஊர்கள் கடைசியில் போய் நின்ற கேள்வியும் இதுதான்: இது கழிவா, எருவா? அதை முடிவு செய்யிறது யார்?

1992இல் இருந்து இந்தக் கதை மூன்று நாடுகளைச் சுற்றிப் போகுது. அதில் ஊர்கள் வென்ற இடங்கள் உண்டு. ஊரே விரும்பி வரவேற்ற இடமும் உண்டு. வென்ற பிறகும் பிரச்சினை தீராத இடமும் உண்டு.

குப்பை எப்படிச் சேர்ந்தது

இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் அமெரிக்காவில்கூட பெரும்பாலும் கோழி என்றால் பண்ணை வளவில் மேயிற சீவன்தான். போருக்குப் பிறகு அது தொழிற்சாலை முறைக்குள் போச்சு. இப்ப ஒரு கொட்டகைக்குள் இருபதாயிரத்துக்கும் மேலான இறைச்சிக் கோழிகள் நிற்கும். தரையில் மரத்தூள், உமி, வைக்கோல் என்று ஏதாவது பரப்புவினம். எச்சம், இறகு, சிந்தின தீன் எல்லாம் அதோடு சேர்ந்து இறுகும். இதுதான் பிறகு லொறியில் ஏறுகிற கோழிக்குப்பை.

இங்கே கவனிக்க வேண்டிய விசயம் ஒப்பந்த முறை. அமெரிக்காவில் இறைச்சிக் கோழியில் அநேகமானது ஒப்பந்தத்தில்தான் வளருது. குஞ்சு கொம்பனியுடையது. தீன் கொம்பனியுடையது. வளர்ந்த கோழியும் கொம்பனியுடையது. கொட்டகை, அதைக் கட்ட எடுத்த கடன், இடையில் செத்த கோழி, கடைசியில் மிஞ்சும் குப்பை எல்லாம் விவசாயியின் தலையில். பெறுமதி உள்ளது ஒரு பக்கமும், பெறுமதி இல்லாதது மற்றப் பக்கமும் போகும்படிதான் ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கு.

கொம்பனிகள் தங்கட இறைச்சி ஆலையைச் சுற்றியே பண்ணைகளை வைக்கும். அதனால் குப்பையும் சில மாவட்டங்களிலேயே குவியும். ஈரமும் பாரமும் உள்ள சாமானைத் தூரத்துக்கு ஏற்றினால் கட்டாது. கிட்ட இருக்கிற நிலத்துக்கே வருடாவருடம் போட்டால், பயிர் எடுக்கிறதைவிடக் கூடுதலான பொசுபரசு மண்ணில் தங்கும். மழைக்கு அது ஆற்றுக்குப் போகும், பிறகு குளத்துக்குப் போகும், தண்ணீர் பச்சையாகும். அளவாக இருக்கும்வரை எருவாக இருந்தது, அளவு மீறினவுடன் கழிவாகுது. எரிக்கிற யோசனை வந்தது இந்த இடத்தில்தான்.

முதல் நெருப்பு

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஐ என்றொரு சின்ன நகரம். அங்கே போர்க்கால விமானத்தளம் இருந்த காணியில் 1992இல் ஃபைப்ரோபவர் என்ற நிலையம் ஓடத் தொடங்கினது. கோழிக்குப்பையில் ஓடின உலகத்தின் முதல் மின்நிலையம் இது, திறன் 12.7 மெகாவாட். பின்னால் இருந்தது ஃபைப்ரோவாட் என்ற பிரித்தானியக் கொம்பனி. 1990களின் முடிவில் அதே கொம்பனி தெட்ஃபர்ட் என்ற இடத்தில் 38.5 மெகாவாட் நிலையம் கட்டினது. அதற்கு வருடத்துக்கு நான்கு லட்சம் தொன்னுக்கும் மேலே குப்பை தேவைப்பட்டது.

சந்தை விலைக்கு விற்று இந்த நிலையங்கள் தப்பியிருக்க முடியாது. 1989ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் வந்த ஓர் ஏற்பாடுதான் இவைக்கு மேலதிக விலை குடுத்தது. அந்த ஏற்பாட்டின் முதல் நோக்கம் அணுமின் நிலையங்களைத் தாங்கிப் பிடிக்கிறது. புதுப்பிக்கத்தக்க சக்தி அதற்குள் பக்கத்தில் சேர்க்கப்பட்டது.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. மினசோட்டா மாநிலத்தில் பிரெய்ரி ஐலண்ட் அணுமின் நிலையம் மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஒரு பூர்வகுடிச் சமூகத்தின் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே இருக்கு. பாவித்த அணு எரிபொருளை அங்கேயே கொள்கலன்களில் வைக்க மின் கொம்பனி அனுமதி கேட்டது. 1994இல் மாநில சட்டசபை அனுமதி குடுத்தது. பதிலுக்குக் காற்றாலையில் இருந்தும் உயிர்த்திணிவில் இருந்தும் குறிப்பிட்ட அளவு மின்சாரம் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பிறகு கோழிக்குப்பையும் அந்த உயிர்த்திணிவுக் கணக்குக்குள் வந்தது. அணுக்கழிவை வைத்திருக்க விட்டதற்கான விலையின் ஒரு பங்கு, வான்கோழிக் குப்பையை எரிக்கிற நிலையமாக வந்து நின்றது.

அந்த நிலையம் 2007இல் பென்சன் நகரத்தில் திறந்தது. 55 மெகாவாட். அமெரிக்காவில் வான்கோழி வளர்ப்பில் மினசோட்டா முன்னுக்கு நிற்கிற மாநிலம், ஆனபடியால் குப்பைக்குக் குறைவில்லை. பென்சன் ஏறக்குறைய மூவாயிரம் பேர் வாழுற ஊர். வேலையும் வரியும் வரும் என்று நகர நிர்வாகம் அதை வரவேற்றது. இதை மறைச்சு எழுதக்கூடாது. எல்லா ஊரும் எதிர்க்கேல்லை. வேலை குறைந்த ஊருக்கு இது ஒரு வழியாகத்தான் தெரிஞ்சது.

வட கரோலினாவின் சட்டமும் சரி கவுண்டியும்

2007 ஓகஸ்டில் வட கரோலினா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மின் கொம்பனிகள் தங்கட விற்பனையில் ஒரு பங்கைப் புதுப்பிக்கத்தக்க சக்தியில் இருந்து எடுக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அதற்குள் இன்னொரு கட்டாயமும் இருந்தது: பன்றிக் கழிவில் இருந்து இவ்வளவு, கோழிக் கழிவில் இருந்து இவ்வளவு. கோழிக்குக் குறித்த இலக்கு படிப்படியாக ஏறி வருடத்துக்கு 9 லட்சம் மெகாவாட் மணி வரை போனது. சூரியனும் காற்றும் இருக்கிற அதே வரிசையில் கோழிக்குப்பையும் சட்டப்படி உட்கார்ந்தது.

ஃபைப்ரோவாட் உடனே வந்தது. சரி, சாம்சன், மொன்ற்கோமரி ஆகிய மூன்று கவுண்டிகளில் நிலையம் கட்டத் திட்டம் போட்டது. சரி கவுண்டியில் உள்ளூராட்சித் தலைவர்கள் வரவேற்றினம். ஊர்ச்சனம் வாசிக்கத் தொடங்கினது. புளூ ரிட்ஜ் சுற்றாடல் பாதுகாப்புக் கழகம் என்ற பழைய அமைப்பு அவைக்குத் துணை நின்றது.

அவை முன்வைத்த வாதங்களை இப்ப வாசிக்கிறபோதும் அதில் ஒரு ஒழுங்கு தெரியுது. முதலாவது காற்று: நைதரசன் ஒக்சைட்டுகள், நுண்துகள்கள், டயொக்சின். இரண்டாவது ஆசனிக். அமெரிக்காவில் கோழிகள் கெதியாக வளரவும் நோய் வராமல் இருக்கவும் ரொக்சாசோன் என்ற ஆசனிக் சேர்ந்த மருந்தைத் தீனில் கலந்து வந்தவை. அதில் பெரும்பகுதி எச்சத்தில் வெளியே வரும். அப்படியென்றால் எரிக்கிறபோது அது எங்கே போகும் என்று சனம் கேட்டது. அந்த மருந்தின் விற்பனை அமெரிக்காவில் 2011இல்தான் நிறுத்தப்பட்டது. மூன்றாவது, ஒவ்வொரு நாளும் சின்ன வீதிகளால் வந்து போகப்போகிற குப்பை லொறிகள்.

நான்காவது வாதம்தான் எங்களை நிறுத்தி வாசிக்க வைச்சது. இதை எரிக்கவே தேவையில்லை, இது எரு என்றவை சனம். கோழிக்குப்பையை எரித்தால் பொசுபரசும் பொட்டாசியமும் சாம்பலில் மிஞ்சும், நைதரசன் காற்றோடு போயிடும். போன நைதரசனுக்குப் பதிலாக விவசாயி இரசாயனப் பசளை வாங்க வேண்டும். அந்தப் பசளை செய்யிறது இயற்கை எரிவாயுவில் இருந்து. அப்ப எரிவாயுவை மிச்சப்படுத்தத்தான் இந்த மின்சாரம் என்றால் கணக்கு எங்கே சரிவருது? 'பச்சை மின்சாரம்' என்ற பெயருக்குப் பின்னால் இந்தச் செலவு எழுதப்படேல்லை.

'தங்கட வளவுக்குள் வேண்டாம் என்கிறவர்கள்' என்று இப்படியான சனத்தை ஒதுக்கிவிடுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. ஆனால் இந்த நான்காவது வாதத்தில் வளவு என்ற பேச்சே இல்லை. அது எங்கே கட்டினாலும் பொருந்துற கேள்வி.

2010களின் தொடக்கத்தில் மூன்று கவுண்டித் திட்டங்களும் கட்டப்படாமலே முடிஞ்சுது. ஆனால் சட்டம் அப்படியே இருந்தது. கோழிக்கான இலக்கை நிறைவேற்ற முடியாமல் மாநில ஆணைக்குழு தவணைக்கு மேல் தவணை குடுத்தது. பிறகு லம்பர்ற்றன் நகரத்தில் ஒரு பழைய நிலக்கரி நிலையம் மரத்துண்டும் கோழிக்குப்பையும் எரிக்கிற நிலையமாக மாறினது. அது இருக்கிற ரொப்சன் கவுண்டியில் லம்பீ பூர்வகுடிகளும் கறுப்பின மக்களும் சேர்ந்துதான் பெரும்பான்மை. காற்று விதிகளை மீறியதாக மாநில அதிகாரிகள் அந்த நிலையத்தின் மேல் நடவடிக்கை எடுத்தினம். சரி கவுண்டியின் காற்று தப்பினது. சட்டம் கேட்ட நெருப்பு வேறு சனத்தின் பக்கத்தில் எரிந்தது.

நேய் ஏரி: வென்ற பிறகு

வட அயர்லாந்தின் நடுவில் நேய் ஏரி இருக்கு. பிரித்தானிய, அயர்லாந்துத் தீவுகளிலேயே பரப்பில் பெரிய நன்னீர் ஏரி. வட அயர்லாந்தின் குடிதண்ணீரில் ஏறக்குறைய 40 வீதம் இதில் இருந்துதான். 2008இல் அதன் கரைக்குக் கிட்ட, கிளெனாவி என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், ரோஸ் எனர்ஜி என்ற கூட்டு நிறுவனம் 30 மெகாவாட் நிலையத்துக்கு விண்ணப்பித்தது. கோழிக்குப்பையோடு இறைச்சி, எலும்புத் தூளும் எரிக்கிற திட்டம். கூட்டில் கோழித்தொழிலின் பெரிய கொம்பனியான மோய் பார்க்கும் இருந்தது.

அவை சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு நைத்திரேற்றுப் பணிப்புரை நிலத்தில் போடக்கூடிய எருவுக்கு எல்லை வைத்தது. செத்த கோழி கலந்த குப்பை போட்ட நிலங்களில் மாடுகளுக்குப் பொட்டுலிசம் என்ற நோயும் வந்தது. குப்பை எங்கேயோ போகத்தான் வேண்டும்.

ஊர்ச்சனம் சேர்ந்து நேய் ஏரி எரியுலைக்கு எதிரான சமூகங்கள் என்ற அமைப்பை உருவாக்கினது. ஆயிரக்கணக்கான ஆட்சேபனைக் கடிதங்கள் போனது. 2012இல் சுற்றாடல் அமைச்சர் அலெக்ஸ் அட்வுட் அனுமதியை மறுத்தார். ஊர் வென்றது.

அதோடு கோழி குறையேல்லை. 2010களில் வட அயர்லாந்தின் கோழித்தொழில் இன்னும் வளர்ந்தது. அரசின் விவசாயத் திட்டமே ஏற்றுமதியைப் பெருக்கச் சொன்னது. குப்பையில் ஒரு பங்கு வாயு எடுக்கிற ஆலைகளுக்குப் போனது, மிச்சம் நிலத்துக்கும் வேறு இடங்களுக்கும் போனது. 2023 கோடையில் நேய் ஏரி நீலப்பச்சைப் பாசியால் மூடிப்போச்சு. குளிக்க முடியேல்லை, நாய்கள் செத்தது என்று செய்தி வந்தது. கோழி மட்டும் காரணம் இல்லை. மாட்டுப் பண்ணைகளின் எரு, மலக்கழிவுத் தண்ணீர், வெப்பமான காலநிலை எல்லாம் சேர்ந்துதான். ஆனால் ஏரிக்குள் போன பொசுபரசில் பெரும்பங்கு விவசாய நிலங்களில் இருந்து வந்தது.

இதை வைத்து 'அப்பவே எரிச்சிருக்கலாம்' என்று சொல்ல முடியுமா? நாங்கள் அப்படி நினைக்கேல்லை. பென்சனைப் பாருங்கோ. அந்த மின்சாரம் காற்றாலையோடு ஒப்பிட்டால் விலை கூட என்று வாங்கின மின் கொம்பனியே ஒப்பந்தத்தை முடித்து, 2018இல் நிலையத்தை மூடினது, பிறகு இடித்தும் விட்டது. வரவேற்ற ஊர் வேலையை இழந்தது. வான்கோழிகள் அங்கேயே நிற்குது, குப்பையும் வருது.

ஆக, கட்டின ஊரிலும் தடுத்த ஊரிலும் குப்பை ஒரே இடத்தில்தான் மிஞ்சினது: விவசாயியின் கொட்டகையிலும், பக்கத்து ஆற்றிலும். கோழியை விற்றுக் காசு எடுத்த கைக்கு அது ஒருநாளும் திரும்பிப் போகேல்லை. எதிர்த்த ஊர்களை 'வேண்டாம்' என்று மட்டும் சொன்ன ஊர்களாகவே பலர் எழுதியிருக்கினம். அவை கேட்ட கேள்வியை யாரும் பதிலோடு எழுதேல்லை. கோழி கொம்பனியுடையது என்றால் குப்பை மட்டும் எப்படி வேறு ஆளுடையதாகுது? ஒரு நிலத்தால் தாங்க முடியிற அளவுக்குத்தான் அங்கே கோழி வளர்க்கலாம் என்று ஒரு சட்டம் ஏன் சொல்லக்கூடாது?

'கழிவில் இருந்து சக்தி' என்ற தலைப்பு எங்கட மேசைக்கு வருகிற நாளிலும், உலையின் திறன் எத்தனை மெகாவாட் என்று கேட்க முதல், அந்தச் சாமானுக்குக் கழிவு என்று பெயர் வைச்சது யார் என்று கேட்பம்.