லாட்டரி என்று ஒரு குதிரை

1839-ம் வருடம் லிவர்பூல் பக்கத்தில் ஏன்ட்ரீ என்ற இடத்தில் ஒரு குதிரைப் பந்தயம் நடந்தது. வெறும் ஓட்டம் அல்ல, வேலியும் ஓடையும் தாண்டி ஓட வேண்டியது. பிற்பாடு கிராண்ட் நேஷனல் என்று பெயர் வாங்கிய பந்தயம் அதுதான். ஜெயித்த குதிரையின் பெயர் லாட்டரி!

பாறசாலைக்குப் பக்கம் குளத்தூரில் பிறந்தவனுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரத்தானே செய்யும். எங்கள் பக்கத்தில் லாட்டரி என்றால் நாலு கால் கிடையாது, ஒரு துண்டுக் காகிதம். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றுவிட்டது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கேரள அரசு 1967-ல் லாட்டரி தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. டிக்கெட் 1 ரூபாய், முதல் பரிசு 50,000. அந்தப் பக்கம் தமிழ்நாடும் நடத்தியது, 2003-ல் நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் களியக்காவிளையிலிருந்து இஞ்சிவிளைக்கு நடந்து வந்து டிக்கெட் வாங்கிப் போகிறவர்களை ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம் என் அக்கா மகன். இங்கே இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை. அக்கா ஊரிலிருந்து ஃபோன் பண்ணி, "சிறுக்கன் இந்த மாசம் பைசா அனுப்பலியே, சொகமில்லியோ?" என்று கேட்டாள். வீட்டுக்கடன் தவணை நிற்கிறது. பையனைக் கூப்பிட்டுக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட்டான். சனிக்கிழமை தோறும் தடை தாண்டும் பந்தயத்தில் 20 பவுண்டு. நாலு குதிரையை ஒன்றாகக் கோர்த்து ஒரே பந்தயம். "மாமா, சும்மா இல்ல கேட்டியளா, வேல்யூ பாத்துதான் போடுதேன்."

வேல்யூ! வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறவனிடம் வந்து இந்த வார்த்தையைச் சொன்னால் விடுவேனா :-)

அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்பது ஒரு கேள்வி. அதன் விலை சரியா என்பது வேறு கேள்வி. 1-க்கு 3 என்று விலை சொன்னால், நாலில் ஒரு தடவை ஜெயிக்கும், அதாவது 25 சதம் என்று அர்த்தம். 33 சதம் வாய்ப்பு இருக்கிறது என்று நமக்குக் காரணத்தோடு தெரிந்தால் அது வேல்யூ. தோற்றாலும் வேல்யூதான். 60 சதம் வாய்ப்புள்ள குதிரையை 70 சதத்துக்கான விலையில் வாங்கினால், ஜெயித்தாலும் தப்பான வியாபாரம். கடன் கொடுப்பதும் இப்படித்தான். திருப்பிக் கட்டுவாரா என்பது மட்டும் போதாது, அந்த ஆபத்துக்கு இந்த வட்டி போதுமா என்று பார்க்க வேண்டும்.

புக்கி எப்படிப் பிழைக்கிறார்? மூன்று குதிரை ஓடுகிறது என்று வையுங்கள். 40 சதம், 40 சதம், 25 சதம் என்று விலை வைப்பார். கூட்டினால் 105. அந்த 5-தான் அவர் கடை வாடகை. நாலு பந்தயத்தைக் கோர்த்தால் இந்தக் கழிவு ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டு வட்டி மாதிரி ஏறும். ஒவ்வொன்றிலும் 110 என்று இருந்தால், நியாயமாக 100 வர வேண்டிய இடத்தில் 68 தான் வரும். பையன் இதைக் கணக்குப் போட்டதே இல்லை.

தடை தாண்டும் ஓட்டத்தில் வேல்யூ எங்கே ஒளிந்திருந்தது என்பதற்கு இங்கே ஒரு நீண்ட கதையே உண்டு. 1752-ல் அயர்லாந்தில் ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு பேர் பந்தயம் கட்டிக் குதிரை ஓட்டியதுதான் ஆரம்பம் என்பார்கள். குளிர்காலத்து ஆட்டம் இது. வெள்ளிக்கிழமை ராத்திரி மழை பெய்தால் சனிக்கிழமை தரை சேறு. சேற்றில் மூன்று மைல் ஓடுகிற குதிரை வேறு, காய்ந்த தரையில் பறக்கிற குதிரை வேறு. இன்னொன்று, விழுந்த குதிரை. அட்டவணையில் பெயருக்குப் பக்கத்தில் 'எஃப்' என்று ஓர் எழுத்து இருக்கும், விழுந்தது என்று அர்த்தம். பார்க்கிற பாதிப்பேர் ஒதுங்கிவிடுவார்கள். முன்னணியில் ஓடிக் கடைசி வேலியில் விழுந்ததா, மூச்சு வாங்கி ஏழாவது இடத்தில் தள்ளாடி விழுந்ததா என்று எவர் பார்க்கிறார்கள்? ஜெயித்த குதிரைக்கு அடுத்த முறை முதுகில் எடை ஏற்றுவார்கள். விழுந்ததற்குப் பொதுவாக அந்த அளவு ஏறாது. இந்த இடத்தில்தான் பொறுமைசாலிகள் சம்பாதித்தார்கள். கணக்கு வாத்தியாராக இருந்த ஃபில் புல் என்பவர் ஓடிய நேரத்தைக் கணக்கிட்டே பணம் சேர்த்து, 1948-ல் டைம்ஃபார்ம் தொடங்கினார். அப்புறம் அந்தக் கணக்கு காசு கொடுத்தால் எல்லோருக்கும் கிடைத்தது. எல்லோருக்கும் தெரிந்த வேல்யூ வேல்யூ இல்லையே.

சனிக்கிழமைக்கு ஒரு விசேஷம். டிவியில் காட்டுவார்கள், வாரத்துக்கு ஒரு தடவை ஆடுகிறவர்கள் எல்லாம் அன்றுதான் வருவார்கள். அவர்களுக்குப் பெரிய விலைக் குதிரை மேல் ஆசை. 1949-லேயே கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார்: ஜெயிக்க வாய்ப்புக் குறைந்த குதிரைகள் மேல் ஜனங்கள் தேவைக்கு அதிகமாகப் பணம் கட்டுகிறார்கள், முன்னணிக் குதிரைகள் மேல் குறைவாக. சுருக்கமாகச் சொன்னால், குதிரை மேல் கட்டுவதாக நினைத்துக்கொண்டு லாட்டரி வாங்குகிறோம்.

இந்த ஆசைக்குக் கோவில் கட்டியது ஃபாய்னவன் என்ற குதிரை. 1967 கிராண்ட் நேஷனல். 44 குதிரைகள். 23-வது வேலியில் ஜாக்கி இல்லாமல் ஓடிய ஒரு குதிரை குறுக்கே திரும்ப, வந்ததெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று குவிந்தது. ரொம்பப் பின்னால் வந்த ஃபாய்னவன் மட்டும் ஒதுங்கித் தாண்டிப் போய் ஜெயித்தது. புக்கி விலை 1-க்கு 100. எல்லார் பணத்தையும் ஒரே பானையில் போட்டு ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கிற டோட்டில் 1-க்கு 444! ஒரே குதிரை, ஒரே ஓட்டம், இரண்டு விலை. விலை என்பது குதிரையில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். ஆனால் எல்லோருக்கும் நினைவில் நின்றது அந்த 100 தான். அந்த முதல் பந்தயத்து லாட்டரியோ, பெயருக்கு மாறாக, அன்றைக்கு எல்லோரும் எதிர்பார்த்த குதிரை.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். கிண்டியில் தடை தாண்டுவதெல்லாம் இல்லை, சமதள ஓட்டம்தான். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் ஏற்பட்டது. 1974-ல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டம் என்று தடை செய்யச் சட்டம் போட்டது. வழக்கு 22 வருடம் இழுத்து, 1996 ஜனவரி 12-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இது திறமை சார்ந்த விளையாட்டு, சூது அல்ல. டாக்டர் கே.ஆர். லக்ஷ்மணன் வழக்கு என்று சட்டம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

நீதிமன்றம் திறமை என்றது. வரி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் கட்டுகிற முழுப் பணத்தின் மேலும் 28 சதம் ஜிஎஸ்டி. 100 ரூபாய்ப் பந்தயத்துக்கு 128 ரூபாய். அப்படியானால் 1-க்கு 3 விலையில் நஷ்டமில்லாமல் தப்பவே 25 சதம் போதாது, 32 சதம் வாய்ப்பு வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வரி 40 சதம், இப்போது 35 வேண்டும். லாட்டரிக்கும் அதே 40. திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் ஒரே பில்!

இங்கே நேர் எதிர். 1961-ல் கடை திறக்க அனுமதித்தார்கள். ஆடுகிறவன் தலையில் விழுந்த 9 சதக் கழிவு 2001 அக்டோபரில் போயிற்று, புக்கியின் லாபத்தின் மேல் 15 சதம் என்று மாற்றினார்கள். ஆகக் கணக்குப்படி வேல்யூ இருக்கக்கூடிய நாடு இதுதான். அதற்கும் ஒரு கொக்கி. தொடர்ந்து ஜெயிக்கிறவன் என்று தெரிந்தால் புக்கி அவன் கணக்கைச் சுருக்கிவிடுவார், ஐந்து பவுண்டுக்கு மேல் வாங்கமாட்டேன் என்பார். பையனிடம் கேட்டேன், "மக்கா, ஒனக்க கணக்கை எவனாவது சுருக்கியிருக்கானா?"

"இல்ல மாமா, எனக்கு ஃப்ரீ பந்தயம்லா தாறான்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வங்கி ஸ்டேட்மென்டை எடுக்கச் சொன்னேன். நவம்பரிலிருந்து 24 சனிக்கிழமை, போனது 480 பவுண்டு, வந்தது 61.

திட்டவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை பணம் கட்டாமல், ஒவ்வொரு குதிரைக்கும் எத்தனை சதம் வாய்ப்பு என்று நீயே எழுது, அப்புறம் விலையைத் திறந்து பார் என்றேன்.

ராத்திரி ஃபோன் பண்ணினான். "மாமா, விலையப் பாக்காம எப்படி எழுதுகது?"