ரக்பியில் திட்டமிட்ட தாக்குதலும் தற்காப்பு நிலைகொள்ளலும்

ரக்பி யூனியன் ஆட்டத்தில் ஸ்க்ரம், லைன்-அவுட், பெனால்டி போன்ற இடங்களிலிருந்து பந்து மறுபடி ஆட்டத்துக்கு வரும்போது, முன்பே ஒத்திகை பார்த்துவைத்த ஓட்டங்களாலும் பாஸ்களாலும் எதிரணியின் வரிசையைத் திறக்கும் முயற்சி திட்டமிட்ட தாக்குதல் நகர்வு எனப்படும். அதை எதிர்கொள்ள 15 பேரும் எங்கெங்கே நிற்பது, யார் யாரைப் பிடிப்பது, எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக முன்னேறுவது என்ற ஏற்பாடே தற்காப்பு நிலைகொள்ளல். இரண்டையும் பிரித்து ஆராய முடியாது. எந்த நகர்வும் எதிரணியின் குறிப்பிட்ட ஒரு வீரரை மனத்தில் வைத்தே வகுக்கப்படுகிறது. அவர் ஒரு கணம் தவறான பக்கம் அடியெடுத்து வைத்தால் போதும். ஆகவே நகர்வைப் புரிந்துகொள்ள விரும்புபவர், பந்து வைத்திருப்பவரைவிட எதிரே நிற்பவரின் கால்களையும் தோள்களையும் கவனிப்பதே பயன் தரும்.

விதிகள் தரும் இடைவெளி

ரக்பி மைதானத்தின் அகலம் 68 முதல் 70 மீட்டர். ஓடும் ஆட்டத்தில் தற்காப்பு அணி, ரக்கில் தன் பக்கத்துக் கடைசி வீரரின் கால்வரை வந்து நிற்கலாம். பந்து வெளியே வந்ததுமே தாக்குபவரை நெருங்கிவிடலாம். ஸ்க்ரம்மிலும் லைன்-அவுட்டிலும் அது இயலாது. ஸ்க்ரம்மில் சேராதவர்கள், ஸ்க்ரம்-ஹாஃப் நீங்கலாக, தம் அணியின் கடைசிக் காலுக்கு 5 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். சோதனை முறையில் கொண்டுவரப்பட்டு 2009-இல் நிலையான விதியாக ஏற்கப்பட்ட மாற்றம் இது. லைன்-அவுட்டில் சேராதவர்கள் பந்து எறியப்படும் நேர்கோட்டுக்கு 10 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். இரு அணிகளும் இவ்வாறு விலகுவதால் பின்கள வீரர்களுக்கு நடுவே 20 மீட்டர் வெளி உண்டாகிறது. பயிற்சியாளர்கள் தங்கள் சிறந்த நகர்வுகளை லைன்-அவுட்டுக்கென்றே சேமித்துவைப்பதற்கு இதுவே காரணம். உயர்மட்டப் போட்டிகளில் ட்ரைகளின் தொடக்கப்புள்ளியைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரு லைன்-அவுட்டில்தான் போய் நிற்கும்.

ஆஃப்சைடு கோடு இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும் என்பதை 2017 பிப்ரவரி 26 அன்று இத்தாலி எடுத்துக்காட்டியது. ட்விக்கனம் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய அந்த அணி, டேக்கிளுக்குப் பிறகு ரக் அமைக்க யாரையும் அனுப்பவில்லை. ரக் இல்லாததால் ஆஃப்சைடு கோடும் இல்லை. இத்தாலிய வீரர்கள் இங்கிலாந்தின் பாஸ் செல்லும் பாதையிலேயே வந்து நின்றார்கள். ஒத்திகை பார்த்த எதுவும் இங்கிலாந்துக்கு நெடுநேரம் கைகொடுக்கவில்லை. இறுதியில் 36–15 என்று இங்கிலாந்தே வென்றது. ஆனால் அதே ஆண்டில் ரக்கின் வரையறை மாற்றப்பட்டது. பந்துக்கு மேலே ஒரே ஒரு வீரர் காலூன்றி நின்றாலே ஆஃப்சைடு கோடு பிறக்கும் என்றாயிற்று.

லைன்-அவுட் நகர்வுகள்

லைன்-அவுட் டச் கோட்டிலிருந்து 5 மீட்டருக்கும் 15 மீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில் நடக்கிறது. பந்தை எங்கே பிடிப்பது என்பதே முதல் முடிவு. முன்பகுதியில் பிடித்தால் பந்து இழக்கும் ஆபத்து குறைவு. ஆனால் அங்கிருந்து பின்களத்துக்குச் செல்லும் பாஸ் நீளமானது, தற்காப்பு அதற்குள் முன்னேறிவிடும். வால் பகுதியில் பிடித்து, தரையிறங்குவதற்கு முன்பே காற்றிலிருந்து ஸ்க்ரம்-ஹாஃபுக்குத் தட்டிவிட்டால் மைதானத்தின் நடுப்பகுதிக்குப் பந்து விரைவில் போய்ச் சேரும். ஆனால் அந்த எறிதல்தான் ஹூக்கருக்கு மிகக் கடினம்.

தற்காப்பு அணிக்கு இங்கே பலவீனமான இடம் வரிசையின் வாலுக்கும் அதன் ஃபிளை-ஹாஃபுக்கும் இடையிலான பிளவு. வாலில் நிற்கும் வீரர், வழக்கமாக ஓப்பன்சைடு ஃபிளாங்கர், லைன்-அவுட் முடியும்வரை நகர முடியாது. ஃபிளை-ஹாஃபோ 10 மீட்டர் பின்னால் நிற்கிறார். பெரும்பாலும் அணியில் உடல்கனம் குறைந்தவர்களில் ஒருவர். இந்த இருவருக்கும் நடுவே கனத்த சென்டர் ஒருவரை நேராக ஓடவிடுவது மிகப் பழைய உத்தி, இன்றும் பலிக்கும் உத்தி. ஃபிளாங்கர் உட்பக்கமாகவே காத்து நின்றால் பந்து வெளியே போகும். வெளியே விரைந்தால் அவர் விட்டுச்சென்ற இடத்தில் விங் வீரர் ஒருவர் நுழைவார். 2023 உலகக்கோப்பைக் காலிறுதியில் நியூசிலாந்தின் ரிச்சி மோங்கா, அயர்லாந்தின் லைன்-அவுட் தற்காப்பை ஒட்டிய இடைவெளியில் புகுந்து நெடுந்தூரம் ஓடி, வில் ஜோர்டானிடம் பந்தைத் தந்து ட்ரை போடவைத்தார். 28–24 என்று முடிந்த ஆட்டத்தில் அந்த ஒரு பிளவு எவ்வளவு பெறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முன்கள வீரர்கள் மட்டுமே பங்குபெறும் நகர்வுகள் தனி வகை. வாலில் பிடித்த பந்தை, வரிசையைச் சுற்றி ஓடிவரும் ப்ராப் வாங்கி ஃபிளை-ஹாஃபை நோக்கிப் பாய்வது 1960-களில் நியூசிலாந்துக் கேப்டன் வில்சன் வைனரேயின் பெயரால் ‘வில்லி அவே’ என்று புகழ்பெற்றது. அதைவிட நுட்பமானது 2011 அக்டோபர் 23 அன்று ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில், உலகக்கோப்பை இறுதிப்போட்டியின் 15-ஆம் நிமிடத்தில் நடந்தது. பிரான்ஸின் கோட்டுக்கு அருகே நியூசிலாந்துக்கு லைன்-அவுட். வரிசையின் முன்பகுதியில் ஒரு குழு தூக்குவதுபோலப் பாவனை செய்தது. பின்பகுதியில் ஜெரோம் கைனோ உயர்ந்து பந்தைப் பிடித்தார். பிரெஞ்சு வீரர்களின் கண்களும் கைகளும் மேலே போயின. இரு குழுக்களுக்கும் நடுவே தரையில் யாரும் இல்லை. கைனோ கீழே விட்ட பந்தை வாங்கிய ப்ராப் டோனி வுட்காக் அந்த இடைவெளி வழியே, யார் கையும் படாமல், கோட்டைக் கடந்தார். நியூசிலாந்து 8–7 என வென்றது. அன்று அந்த அணி போட்ட ஒரே ட்ரை அதுதான். பந்துக்காகக் காற்றில் போட்டியிடுவதா, பந்துடன் திரளாகத் தள்ளிவரும் ‘மால்’ அமைப்பைத் தடுக்கத் தரையில் நிற்பதா என்ற கேள்வி கோட்டுக்கு அருகே தற்காப்பு அணியை எப்போதும் அலைக்கழிக்கும். தரையில் நிற்பவர்கள் கண்ணை உயர்த்தாதிருந்தால் மட்டுமே அந்த முடிவுக்குப் பொருள் உண்டு.

டச் கோட்டை ஒட்டிய குறுகிய பக்கமும் மறக்கத் தகாதது. 2018 நவம்பர் 17 அன்று டப்ளினில் அயர்லாந்து, லைன்-அவுட்டிலிருந்து பந்தைத் திறந்த பக்கம் கொண்டுபோனது. ஜானி செக்ஸ்டனிடமிருந்து வாங்கிய பண்டி அக்கி, நியூசிலாந்தின் மொத்த வரிசையும் அந்தத் திசையில் நகரத் தொடங்கியதும், வந்த பக்கமே பந்தைத் திருப்பி ஜேக்கப் ஸ்டாக்டேலிடம் கொடுத்தார். அங்கே நின்ற சிலரின் தலைக்கு மேலாக ஸ்டாக்டேல் பந்தை உதைத்து, தானே ஓடிப் பிடித்து ட்ரை போட்டார். 16–9 என்று முடிந்த அந்த ஆட்டத்தின் ஒரே ட்ரை அது. அப்போதைய பயிற்சியாளர் ஜோ ஷ்மிட் இப்படிப்பட்ட நகர்வுகளை வகுப்பதில் பெயர் பெற்றவர்.

ஸ்க்ரம் நகர்வுகள்

ஸ்க்ரம்மில் 16 முன்கள வீரர்கள் ஓரிடத்தில் பிணைந்துவிடுகிறார்கள். மைதானத்தின் மீதி அகலம் முழுவதையும் இரு அணியிலும் எழுவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தற்காப்பில் அவர்களிலும் இருவர் உதைக்காகப் பின்னால் நிற்பார்கள். மைதானத்தின் நடுவே ஸ்க்ரம் அமைந்தால் தாக்கும் அணி இரு பக்கமும் ஆட்களைப் பிரித்து நிறுத்தி, எந்தப் பக்கம் போகும் என்பதைக் கடைசிவரை மறைக்கலாம்.

ஸ்க்ரம்மைத் தள்ளும் கோணமே நகர்வின் பகுதி. தாக்கும் அணி தன் வலப்பக்கத்தை முன்னே தள்ளினால் எதிரணியின் பின்வரிசை இடப்பக்கமாக விலகும், வலப்பக்கம் திறக்கும். அப்போது நம்பர் எய்ட் பந்தை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் ஓடினால், எதிரணி ஃபிளாங்கர் ஓரிரு அடி தாமதமாகவே வந்து சேர்வார். பார்வையாளர் கண்ணுக்கு இது நம்பர் எய்ட்டின் வேகமாகத் தெரியும். உண்மையில் வேலை ப்ராப்பின் தோளில் நடந்திருக்கும்.

நகர்வின் உறுப்புகள்

பின்கள நகர்வுகள் எண்ணற்றவையாகத் தோன்றினாலும் அடிப்படைப் பாகங்கள் சிலவே. இருவர் குறுக்கே கடக்கும்போது பந்து கைமாறினால் ஸ்விட்ச். கொடுத்தவரே வாங்கியவரின் பின்னால் சுற்றி வந்து மறுபடி வாங்கினால் லூப். நடுவே ஒருவரைத் தாண்டிப் பந்து போனால் மிஸ் பாஸ். இன்றைய ஆட்டத்தின் முதுகெலும்பு பொய் ஓட்டக்காரர். அவர் தற்காப்பு வரிசையை நோக்கி முழு வேகத்தில் ஓடிவருவார். பந்து அவருக்கு முன்னாலும் போகலாம், முதுகுக்குப் பின்னாலும் போகலாம். பந்து வாங்கவே வருகிறார் என்று எதிராளி நம்பும்படி கைகளை நீட்டி ஓடாதவரின் ஓட்டம் வீண். அவர் தற்காப்பு வீரரின் வழியை மறித்துவிட்டாலோ பெனால்டி கொடுக்க நேரும். எனவே எந்தத் தோளுக்கு வெளியே ஓடுவது என்பது பயிற்சியில் திரும்பத் திரும்பச் செதுக்கப்படுகிறது.

முதல் கட்டத்திலேயே ட்ரை விழுவது அரிது. நல்ல நகர்வின் நடைமுறை நோக்கம் எதிரணியை ஓரடியாவது பின்னால் தள்ளி, ரக்கிலிருந்து விரைந்து பந்தை எடுப்பது. அப்போது லைன்-அவுட்டில் நின்ற கனத்த வீரர்கள் ரக்கைச் சுற்றி மறுபக்கம் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் கிடைக்கும் அந்த ஆள்பற்றாக்குறைக்காகவே முதல் கட்டம் வகுக்கப்படுகிறது.

தற்காப்பு முறைகள்

நவீன ரக்பித் தற்காப்பு பெரும்பாலும் ரக்பி லீகிலிருந்து வந்தது. 1995-இல் யூனியன் தொழில்முறை ஆட்டமான பிறகு லீகில் தேர்ந்தவர்கள் தற்காப்புப் பயிற்சியாளர்களாக வந்தார்கள். ஜான் மகிள்டன் பயிற்றுவித்த ஆஸ்திரேலியா 1999 உலகக்கோப்பை முழுவதிலும் ஒரே ட்ரை விட்டுக்கொடுத்துக் கோப்பையை வென்றது. 2003-இல் வென்ற இங்கிலாந்துக்கு ஃபில் லார்டர். 2008 ஆறு நாடுகள் போட்டியில் ஷான் எட்வர்ட்ஸின் வேல்ஸ் ஐந்து ஆட்டங்களையும் வென்றது; விட்டுக்கொடுத்தவை இரண்டே ட்ரைகள்.

முறைகள் அடிப்படையில் இரண்டு. டிரிஃப்ட் முறையில் ஒவ்வொருவரும் தன் எதிராளியின் உட்தோளில் நின்று, பந்து வெளியே போகப்போக வரிசையாக டச் கோட்டை நோக்கி நகர்கிறார்கள். டச் கோடும் ஒரு தற்காப்பு வீரராகிவிடும். ஆள் எண்ணிக்கை குறையும்போது இது ஏற்றது. ஆனால் தாக்குபவருக்கு முன்னேற இடம் தருகிறது. பிளிட்ஸ் முறையில் வரிசை முழுதும் வேகமாக முன்னே பாய்கிறது. வெளியே நிற்கும் சென்டரும் விங்கும் உட்பக்கமாக வளைந்து வந்து பாஸின் பாதையை அடைக்கிறார்கள். பந்து வாங்குபவருக்கு யோசிக்க நேரமிருக்காது. ஜாக் நீனாபர் வகுத்த தற்காப்புடன் தென்னாப்பிரிக்கா இதை எல்லைவரை கொண்டுபோய் 2019 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் இங்கிலாந்தை 32–12 என வீழ்த்தியது.

பிளிட்ஸுக்கும் விலை உண்டு. விங் வீரர் உள்ளே வந்துவிட்டால் அவர் விட்ட ஓரம் காலி. அதே உலகக்கோப்பையின் தொடக்கச் சுற்றில் நியூசிலாந்து தென்னாப்பிரிக்காவை 23–13 என வென்றபோது, மோங்கா மைதானத்தின் குறுக்கே விங் வீரர் சேவு ரீஸுக்கு உதைத்த பந்து அந்தக் காலி ஓரத்தைத்தான் தேடிச் சென்றது. எந்த முறையானாலும் ஒருவர் மட்டும் முந்திப்போவதே மிகப்பெரிய கேடு. வரிசை மெதுவாக வந்தாலும் சேர்ந்து வந்தால் சமாளிக்கும். நடுவில் ஒருவர் தனியே முன்னேறினால் அவரது இருபுறமும் கதவு திறந்துவிடும்.

வரிசைக்குப் பின்னுள்ள வெளியைக் காப்பது தனிக் கலை. இரு விங்குகளும் ஃபுல்-பேக்கும் பந்தின் திசைக்கேற்ப மாறி மாறி முன்னும் பின்னும் போகிறார்கள்: பந்துள்ள பக்கத்து விங் முன்வரிசைக்கு ஏறும்போது ஃபுல்-பேக் அவருக்குப் பின்னால் நகர்வார், எதிர்ப்பக்கத்து விங் பின்னே இறங்குவார். சொந்தப் பாதியிலிருந்து உதைத்த பந்து தரையில் பட்டு எதிரணியின் 22 மீட்டர்ப் பகுதிக்குள் டச் கோட்டைக் கடந்தால், உதைத்த அணிக்கே லைன்-அவுட் எறிதல் கிடைக்கும் என்ற விதி 2021-இல் சோதனையாக வந்து மறு ஆண்டு நிலைபெற்றது. அதற்கு அஞ்சிப் பின்னால் கூடுதலாக ஒருவரை நிறுத்தினால், முன்வரிசையில் ஓர் இடம் காலியாகும். விதியை வகுத்தவர்கள் விரும்பியதும் அதைத்தான்.

பகுப்பாய்வு

ஒரு நகர்வை ஆராய்பவர் முதலில் குறித்துக்கொள்வது மைதானப் பகுதி, லைன்-அவுட்டில் நின்ற ஆள் எண்ணிக்கை, பந்து பிடிக்கப்பட்ட இடம், முதல் மோதல் நடந்த இடம், ரக்கிலிருந்து பந்து வர எடுத்த நேரம். தொலைக்காட்சியின் பக்கவாட்டுக் காட்சி இதற்குப் போதாது. அதில் ஃபுல்-பேக்கும் தொலைவிலுள்ள விங்கும் பெரும்பாலும் தெரிவதில்லை. வீரர்களுக்கிடையிலான இடைவெளியும் சரியாக விளங்காது. கம்பத்துக்குப் பின்னால் உயரத்திலிருந்து எடுத்த படமே தற்காப்பு வரிசையின் உண்மையான வடிவத்தைக் காட்டும்.

அடுத்த வேலை, வரிசை உடைந்த கணத்திலிருந்து பின்னோக்கிப் போவது. தவறிய டேக்கிள் ஒருவர் பெயரில் பதிவாகும்; ஆனால் அவருக்கு உட்புறம் நின்றவர் இரண்டு அடி தாமதித்திருக்கலாம், அல்லது பொய் ஓட்டக்காரரைப் பார்த்து இடுப்பைத் திருப்பியிருக்கலாம். தவறவிட்டவர் அந்தப் பிழைக்கு ஈடுகொடுக்கப் போய்த்தான் தன் எதிராளியை விட்டிருப்பார். டேக்கிள் எண்ணிக்கையை மட்டும் வைத்து வீரர்களைத் தரப்படுத்துவது அநீதி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். முடிவு தவறா, செயல் தவறா, நின்ற இடமே தவறா என்று மூன்றையும் பிரித்தறிந்தால்தான் திருத்த வேண்டியது எது என்று தெரியும்: டேக்கிள் நுட்பம் பயிற்சியில் சரியாகும், முடிவுக்கு வீரர்களிடையே பேச்சு வேண்டும், நின்ற இடம் தவறானால் பயிற்சியாளர் தம் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும்.

தாக்கும் அணியும் அதே படத்தை எதிர்ப்பக்கமிருந்து பார்க்கிறது. எதிரணியின் வால் ஃபிளாங்கர் பந்தைப் பார்க்கிறாரா ஆளைப் பார்க்கிறாரா, ஹூக்கர் தன் ஓரத்தைவிட்டு எப்போது நகர்கிறார், பிளிட்ஸில் முதலில் கிளம்புபவர் யார் என்பவை சில ஆட்டங்களின் காட்சிகளிலேயே புலப்பட்டுவிடும். ஒரே பழக்கம் மூன்று ஆட்டங்களில் திரும்ப வந்தால் அதற்கென ஒரு நகர்வு வகுக்கப்பட்டு, தேவைப்படும் நாள்வரை மறைத்துவைக்கப்படுகிறது. ஒருமுறை ஆடியதும் மற்ற அணிகளின் பகுப்பாய்வாளர்கள் அதைப் பதிந்துகொள்வார்கள் என்பதால், அதே தொடக்க அசைவிலிருந்து வேறு முடிவுக்குப் போகும் இரண்டாம் வடிவமும் பெரும்பாலும் கூடவே ஒத்திகை பார்க்கப்படும்.