ஒரு பாறையும் ஒரு பௌர்ணமியும்

உத்தமபாளையம் கருப்பண்ணசாமி கோயில் பாறையை சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அதுல வரிசையா செதுக்கியிருப்பவை சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள்னு முப்பது வயசுக்கு மேலதான் தெரிஞ்சது. படிச்சது பி.இ., வேலை மென்பொருள். வட்டெழுத்தை இன்னமும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன்.

அங்குள்ள 9-10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அச்சணந்தி என்ற துறவியின் பெயர் வருகிறது. மதுரைப் பக்கம் ஆனைமலை, அழகர்மலை, கீழக்குயில்குடியிலும் அதே பெயர். ஆக, கம்பம் பள்ளத்தாக்கு அன்றைக்கு ஒதுங்கிக் கிடந்த மூலை இல்லை. மதுரைச் சமணப் பள்ளிகளோடு தொடர்பில் இருந்த இடம்.

பள்ளத்தாக்கின் தென்மேற்கு முனையில், கூடலூருக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயில். சிலப்பதிகாரம் சொல்லும் கோட்டம் இதுதான் என்று 1963இல் புலவர் சி. கோவிந்தராசனார் அடையாளம் காட்டினார். எல்லைத் தகராறு ஒருபுறம், புலிகள் காப்பகக் கட்டுப்பாடு மறுபுறம். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் அனுமதி. குமுளியிலிருந்து ஜீப் போகும். நம்மாட்கள் பளியன்குடியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் மலையேறுவார்கள்.

கோவலனுக்கும் கண்ணகிக்கும் மதுரைவரை வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் சமணத் துறவி என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

துறவிகள் போய்விட்டார்கள், பாறை மிஞ்சியது. கருப்பண்ணசாமியைக் கும்பிட ஆள் வந்துகொண்டே இருந்ததால்தான் அதில் யாரும் கைவைக்கவில்லை என்பது என் எண்ணம். மேலே இடிந்து கிடக்கும் கோட்டத்துக்கும் அந்த ஒருநாள் கூட்டம்தான் காவல். கோயிலைச் சீரமைக்கணும், சரி. அதுவரைக்கும் மலையேறுவதை விட்டுடக் கூடாது.