பட்டாதாரரும் ஒப்பந்தக்காரரும்

வத்தல்மலையில் தன் தோட்டத்துக் காபியைப் பதப்படுத்தாமல் விற்கிறவருக்கு அந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை. விவசாய வருமானத்துக்கு 1886 சட்டம் கொடுத்த விலக்கு அது. அதே மனிதர் தருமபுரிக்கு இறங்கி ஒரு கம்பெனிக்குக் கட்டட வேலையை ஒப்பந்தம் எடுத்தால் கதை வேறு! சம்பளக்காரருக்கு முதலாளி கணக்குப் பார்ப்பார். ஒப்பந்தக்காரர் தன் கணக்கைத் தானே காட்ட வேண்டும்.

இப்படித் தனி ஆளாக அரசாங்கத்துக்கு முன் நிற்பது தருமபுரிக்குப் புதிதல்ல. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. அங்கே அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் உருவாக்கியதுதான் ரயத்துவாரி முறை. 1793-ல் வங்காளத்தில் ஜமீன்தாரிடம் மொத்தமாக வரி வாங்கினார்கள். இங்கே நிலத்தை அளந்து, ஒவ்வொரு விவசாயி பெயரிலும் பட்டா, ஒவ்வொருவருக்கும் தனித் தீர்வை, வருடா வருடம் ஜமாபந்தி. நடுவில் ஜமீன்தார் இல்லை என்பது நல்லதுதான். ஆனால் மழை பொய்த்தால் கெஞ்ச வேண்டியதும் தனியாகத்தான். வரி வசூலுக்காக ஆட்களைச் சித்திரவதை செய்தது உண்மை என்று சென்னை மாகாண விசாரணைக் கமிஷனே 1855-ல் சொல்லிவிட்டது.

1857 கிளர்ச்சியால் ஏற்பட்ட கடனை அடைக்க, 1860-ல் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழ் சம்பாதித்தவர்கள் தப்பினார்கள். 1865-ல் அது கைவிடப்பட்டு, 1886-ல் நிலையாக வந்தது.

ஒப்பந்தக்காரரைத் தேடிப் பிடிப்பது மட்டும் கடினமாகவே இருந்தது. 1972 முதல் பணம் கொடுக்கிறவரே வரியைப் பிடித்துக் கட்டும் ஏற்பாடு வந்தது. 1995-ல் டாக்டர், வக்கீல், என்ஜினீயர் கட்டணங்களுக்கும் அது நீண்டது. இடையில் 1994-ல் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கென்றே 44ஏடி பிரிவு வந்தது. அப்போது ஆண்டு வரவு 40 லட்சத்துக்குள் என்றால் அதில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதுமாக இருந்தது, கணக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. விளைச்சலை மதிப்பிட்டுத் தீர்வை போட்ட மன்றோ இதைப் பார்த்திருந்தால் புன்னகைத்திருப்பார் என்று தோன்றுகிறது!

பழங்குடியினருக்கு வருமான வரியே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அந்த விலக்கு வடகிழக்கின் சில பகுதிகளுக்கும் லடாக்குக்கும் மட்டும்தான். வத்தல்மலையின் மலையாளி மக்களுக்குக் கிடையாது. வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும், ஒப்பந்தத் தொகையில் பிடித்த 1 சதவீதம் திரும்ப வர வேண்டுமென்றால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். பான் எண் கொடுக்காதவரிடம் 20 சதவீதம் பிடிப்பார்கள், 2010 ஏப்ரலிலிருந்து.