ஒடுக்கத்துப் புதன்: ஓர் அச்சத்தின் பூர்வீகம்

ஸபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையை எமது மக்கள் 'ஒடுக்கத்துப் புதன்' என்பர். 'ஸலாமுன்' எனத் தொடங்கும் ஏழு குர்ஆன் வசனங்களை மாவிலையில் எழுதி, கழுவிய நீரைக் குடித்து, முழுகினால் பலாய் முஸீபத்துகள் நீங்கும் என்பது நம்பிக்கை. ஸபரில் கலியாணம் வைக்கவும் புதுவீடு குடிபுகவும் தயங்குவோர் இன்றும் உளர். இந்த அச்சம் எங்கிருந்து வந்தது?

அதன் வேர் ஜாஹிலிய்யாக் கால அரேபியாவில் உள்ளது. துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம் ஆகிய மூன்றும் தொடர்ந்து வரும் புனித மாதங்கள். அவற்றில் கோத்திரங்கள் போரை நிறுத்தி வைத்தன. ஸபர் பிறந்ததும் அந்தத் தடை நீங்கியது. ஆண்கள் போருக்கும் பயணத்துக்கும் புறப்பட, வீடுகள் வெறுமையாகின. அதனாலேயே 'ஸபர்' என்ற பெயர் வந்தது என்றொரு விளக்கத்தை 1373இல் மறைந்த இப்னு கஸீர் தமது தப்ஸீரில் பதிவு செய்துள்ளார். பூச்சியத்தைக் குறிக்கும் 'ஸிப்ர்' என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். இவ்விளக்கத்தின்படி பார்த்தால், மகனை அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் இருந்த ஒரு தாய் அம்மாதத்தை அஞ்சியதில் நியாயம் இருந்திருக்கிறது.

பறவைச் சகுனமும் ஆந்தைச் சகுனமும் ஸபரும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தமை புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் உள்ளது. இங்கு 'ஸபர்' என்பது ஒரு வயிற்று நோய் என்பாரும் உளர். மாதத்தையே குறிக்கும் என்பாரும் உளர்.

ஆயினும் அச்சம் புதிய ஆதாரங்களைத் தேடிக்கொண்டது. ஆது கூட்டத்தார் அழிந்த 'துர்ப்பாக்கிய நாள்' புதன்கிழமையே எனச் சிலர் விளக்கினர். அக்காற்று ஏழு இரவும் எட்டுப் பகலும் வீசியதாகக் குர்ஆனே கூறுகின்றது. எட்டுப் பகலில் வாரத்தின் எல்லாக் கிழமைகளும் அடங்கிவிடுமே! பின்னர், நபியவர்கள் நோய் தணிந்து குளித்த நாள் இது என்றொரு கதையும் பரவியது. ஹிஜ்ரி 11, அதாவது கி.பி. 632இல், ஸபரின் இறுதி நாட்களில்தான் அவர்களுடைய கடைசி நோய் தொடங்கியது என்பதே சீறா நூல்கள் பலவற்றின் கூற்று. சகுனத்தை மறுத்தவரின் நோயே சகுனத்துக்குச் சான்றாக்கப்பட்டது எத்தகைய முரண்!

தென்னிந்தியரான ஜஃபர் ஷரீப் எழுதி, சென்னை இராணுவ வைத்தியரான ஹெர்க்லொட்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1832இல் இலண்டனில் வெளியான 'கானூனே இஸ்லாம்' எனும் நூலில் இச்சடங்கு அப்படியே காணப்படுகின்றது. மாவிலை, அரசிலை, வாழையிலை என இலைகளைக்கூட அது குறிப்பிடுகின்றது. டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே 1890களில் சுமாத்திராவின் ஆச்சே பற்றி எழுதிய நூலில் அதே புதன்கிழமைக் குளிப்பு இடம்பெறுகின்றது. ஜாவாவிலும் அந்த நாளுக்குத் தனிப்பெயர் உண்டு. ஆக, இது எமது ஊரின் தனிச்சொத்தல்ல. இந்து சமுத்திரக் கரைகள் பலவற்றுக்கும் பொதுவானது.

இதனால் மூத்தம்மாமாரை அறிவிலிகள் என இகழ்வது எனக்கு உடன்பாடன்று. மருந்தில்லாத காலத்தில் பிள்ளைகளைக் காக்க அவர்கள் கையில் இருந்தது அந்த இலைதான். மாவிலையால் யாருக்கும் கேடு வந்ததில்லை. 'பீடை மாதம்' என்ற சொல்லே கேடு செய்கின்றது. ஸபரில் பிறந்தமைக்காகச் சொந்த வீட்டிலேயே 'பீடை' என்று ஏச்சுக் கேட்ட மாணவி ஒருத்தியை நான் அறிவேன். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஓய்ந்துபோன கோத்திரச் சண்டைகளின் நிழல், பாடசாலை செல்லும் ஒரு பிள்ளையின் மேல் ஏன் விழ வேண்டும்? மார்க்க வகுப்பில் ஹதீஸைச் சொல்லும்போது, வரலாற்றுப் பாடத்தில் இந்த மாதத்தின் கதையையும் நாம் சொல்லிக் கொடுக்கலாம். அச்சத்தின் காரணம் எப்போதோ தீர்ந்துவிட்டது என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.